அசுணத்துக்கு ஒரு ஸ்டாட் பிளாக்: டேபிள்டாப் கேமுக்குச் சொந்தமா உயிரினம் எழுதுவது எப்படி?

புதுசா ஒரு மான்ஸ்டர் எழுதலாம்னு நோட்டைத் திறந்தா, நம்ம கை முதல்ல எதை எழுதும்? ஹிட் பாயின்ட்டைத்தான். "200 போடு." அடுத்து, பறக்கும். அப்புறம் நெருப்பு கக்கும். கடிச்சா விஷம். செத்தா வெடிக்கும். அரை மணி நேரத்துல ஒரு பக்கம் நிறைஞ்சிடும். சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரை உட்கார வெச்சு அதை இறக்கினா, ரெண்டாவது ரவுண்டுலயே ஒருத்தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிருப்பான். காரணம் சுலபம்: அவன் செய்யறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. டைஸை உருட்டுறது, எண்ணைக் கழிக்கிறது, அவ்வளவுதான்.

சொந்த உயிரினத்துக்கு இயல்பு எழுதுறது எப்படின்னு இந்தக் கட்டுரையில ஒரு உதாரணத்தை வெச்சு முழுசா பார்ப்போம். உதாரணத்தை வெளிநாட்டுல தேடல. ரெண்டாயிரம் வருஷப் பழைய தமிழ்ப் பாட்டுல இருந்து எடுத்து, ஆண்டிபட்டி கணவாய்ல கொண்டு வந்து விடப்போறோம்.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு. ஒருத்தர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். எந்த முயற்சிக்கும் 20 முகம் உள்ள டைஸை உருட்டி, உங்க போனஸைக் கூட்டி, குறிச்ச எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ ஜெயிச்சீங்க. ஒரு உயிரினத்தோட எண்களும் விதிகளும் அடங்கின குட்டி அட்டவணைதான் ஸ்டாட் பிளாக். அதுல "இந்த உயிரினம் மத்ததுல இருந்து எப்படி வேற?"ன்னு சொல்ற பகுதி ட்ரெயிட். நாம அதை இயல்புன்னே சொல்லுவோம். இங்க வர்ற கணக்கு எல்லாம் 2014-ல வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி.

உருவம் வேற, இயல்பு வேற

மதுரை புதுமண்டபத்துத் தூண்ல யாளியைப் பார்த்திருப்பீங்க. சிங்க உடம்பு, பிதுங்கின கண்ணு, சில இடத்துல யானைத் தும்பிக்கை. மான்ஸ்டர் டிசைன்னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது அதுதான். ஆனா ஒரு கேள்வி: யாளி என்ன செய்யும்? தூண்ல இருக்கிற சிற்பம் அதைச் சொல்லாது. சிற்பிக்கு உருவம் போதும். டிஎம்முக்குப் போதாது. மேஜையில உட்கார்ந்திருக்கிறவனுக்கு யாளியோட தும்பிக்கை தெரியப்போறதில்ல. அது அவன் பாத்திரத்தை என்ன பண்ணுதுங்கிறதுதான் தெரியும்.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் ரஸ்ட் மான்ஸ்டர். 1970-கள்ல கைகாக்ஸ் வாங்கின மலிவு பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட்டுல கிடைச்ச ஒரு விநோத உருவம் அது. பார்க்கக் கரப்பான் பூச்சி மாதிரி, பெரிசா பயமே வராது. 27 ஹிட் பாயின்ட்தான். ஆனா அது தொட்டா இரும்பு துருப்பிடிக்கும். அதை இரும்புக் கத்தியால அடிச்சா உங்க கத்தி மெல்ல மெல்ல உதவாமப் போகும். அம்பது வருஷமா இந்த விளையாட்டுல பழுத்த வீரர்களே ஓடுறது அதைப் பார்த்துத்தான். உசிரு போனாக்கூட வேற பாத்திரம் எழுதிக்கலாம், ஆசையா சேர்த்த கவசம் போறதை எவனும் தாங்க மாட்டான்.

கவனிங்க, ரஸ்ட் மான்ஸ்டர்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு விஷயம். அந்த ஒண்ணு மேஜையில இருக்கிற எல்லாரையும் "இப்ப நான் என்ன செய்யறது?"ன்னு யோசிக்க வைக்குது. கத்தியைக் கீழ போடுறதா? கம்பை எடுக்கறதா? கவசத்தைக் கழட்டிட்டு ஓடுறதா? நல்ல இயல்புங்கிறது ஆட்டக்காரனைப் பார்த்துக் கேட்கிற ஒரு கேள்வி. அந்தக் கேள்வி இல்லாத பலம் வெறும் எண்.

பழைய பாட்டுல இருக்கிற ஸ்டாட் பிளாக்

இப்ப நம்ம பக்கம் வருவோம். சங்கப் பாட்டுலயும் பின்னால வந்த நூல்கள்லயும் சில உயிரினங்கள் வரும். அதுல பலதை யாரும் நேர்ல பார்த்ததில்ல. உருவத்தைப் பத்தி ஒண்ணு ரெண்டு வார்த்தைக்கு மேல இருக்காது. ஆனா அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு இயல்பு உறுதியா இருக்கும்.

மகன்றில்: ஜோடிப் பறவை, பிரிவைத் தாங்காது. குறுந்தொகையில, நடுவுல ஒரு பூ வந்து மறைச்சாக்கூட ஒரு வருஷம் பிரிஞ்ச மாதிரி இருக்குமாம். கவரிமா: திருக்குறள்ல வருது, மயிர் போனா உசிர் வாழாது. சகோரம்: நிலா வெளிச்சத்தை உண்ணும். அன்னம்: பாலையும் தண்ணியையும் பிரிக்கும்.

ஆளி: நற்றிணையில வர்ற பாட்டு ஒண்ணு அதோட பலத்தை எப்படிச் சொல்லுதுன்னு பாருங்க. புலியைத் தீர்த்துக்கட்டின யானை ஒண்ணு. அந்த யானையை இழுத்துக்கிட்டுப் போகுது ஆளி. இதுல ஒரு எண்கூட இல்ல. ஆனா அளவு பளிச்சுன்னு புரியுது. நம்ம ஐந்தாம் பதிப்புல புலி சேலஞ்ச் 1, யானை சேலஞ்ச் 4. அப்ப ஆளி குறைஞ்சது 5-லயாவது ஆரம்பிக்கணும். புலவர் சேலஞ்ச் ரேட்டிங்கைத்தான் வேற பாஷையில சொல்லியிருக்கார்.

நமக்கு இன்னைக்கு வேண்டியது அசுணம். பறவைன்னு சொல்றவங்களும் இருக்காங்க, விலங்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆனா இயல்புல யாருக்கும் சந்தேகமில்ல. மலையில வாழும். இனிமையான இசையில மயங்கும். வேட்டைக்காரன் மறைஞ்சிருந்து யாழ் வாசிப்பான். அது கிறங்கிப் பக்கத்துல வரும். அப்ப படார்னு பறையை அடிப்பான். அந்த அதிர்ச்சியைத் தாங்காம அது செத்துப்போகும். நற்றிணையில ஒரு தலைவி தன் காதலனைப் பத்திச் சொல்லும்போது இந்த வேட்டைக்காரனோட கையைத்தான் உவமையா எடுக்கிறா. சுகத்தையும் அதே கைதான் தருது, துன்பத்தையும் அதே கைதான் தருது.

ஒரு டிஎம் கண்ணால இதைப் படிச்சுப் பாருங்க. எது தூண்டும், எவ்வளவு நேரம் வேலை செய்யும், எப்படி முறியும், எல்லாமே இருக்கு. எண் மட்டும்தான் பாக்கி.

மூணு வரி எழுதுங்க

எண் போடறதுக்கு முன்னாடி எந்த உயிரினத்துக்கும் மூணு வரி எழுதணும். அறிகுறி, விளைவு, வழி.

அறிகுறின்னா, அடி விழறதுக்கு முன்னாடியே ஆட்டக்காரனுக்குத் தெரிய வேண்டியது. நம்ம வைகை அணையை நினைச்சுக்கங்க. மொத்த உயரம் 71 அடி. ஆனா 71 வந்ததும் மதகைத் திறந்துட்டு "ஓடுங்க"ன்னு சொல்றதில்ல. 66 அடியில முதல் எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது. கரையில இருக்கிறவன் ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு மேட்டுக்கு வர்றதுக்கு நேரம் வேணும்ல? உங்க மான்ஸ்டரும் அப்படித்தான் வரணும். எச்சரிக்கை கொடுக்காம ஒரு பாத்திரத்தைக் கொன்னா அது கஷ்டமான ஆட்டம் ஆகிடாது. மூணு மாசமா அந்தப் பாத்திரத்தை வளர்த்தவனோட உழைப்பை நீங்க பிடுங்கினதாத்தான் ஆகும்.

விளைவுன்னா, இயல்பு வேலை செஞ்சா என்ன நடக்கும். ஒரே வாக்கியத்துல சொல்ல முடியணும். முடியலைன்னா அது ரெண்டு இயல்பு, ஒண்ணை வெட்டுங்க.

வழின்னா, அதை முறிக்கிறது எப்படி. ட்ரோல்தான் இதுக்குப் பாடப் புத்தகம். ஒவ்வொரு தடவை அதோட முறை ஆரம்பிக்கும்போதும் 10 ஹிட் பாயின்ட் திரும்ப வந்துடும். நெருப்போ அமிலமோ பட்டா அடுத்த முறை வராது. வழி தெரியாதவனுக்கு அது சாகாத அரக்கன்; தெரிஞ்சவனுக்கு ஒரு தீப்பந்தம் போதும். தெரியாத நிலையில இருந்து தெரிஞ்ச நிலைக்கு வர்ற அந்த நிமிஷம் இருக்கே, அதுக்காகத்தான் ஆளுங்க அடுத்த வாரமும் வர்றாங்க.

அசுணத்துக்கு எழுதுவோம். அறிகுறி: காட்டுக்குள்ள யாராவது விசிலடிச்சா, புதருக்குள்ள ஏதோ ஒண்ணு சட்டுனு நின்னு கேக்குது. விளைவு: இனிய இசை கேட்டா தாக்குறதை விட்டுட்டுச் சத்தத்தைத் தேடி வரும். வழி: மயங்கின நேரத்துல பெருஞ்சத்தம் எழுந்தா அதோட உசிருக்கே ஆபத்து.

எண்கள்

இப்பத்தான் கால்குலேட்டர். நம்ம கட்சியில 2-ஆம் லெவல் ஆளுங்க நாலு பேர்னு வெச்சுக்குவோம்.

முதல் கேள்வி, அது எவ்வளவு வலிக்க அடிக்கலாம்? கட்சியிலேயே மெலிஞ்ச ஆளை எடுங்க: மந்திரவாதி, 14 ஹிட் பாயின்ட், ஆர்மர் கிளாஸ் 12. அசுணத்துக்கு ஒரு முறைக்கு ரெண்டு நகக் கீறல், அடிக்கிற போனஸ் +5, சேதம் 1டி8+3-ன்னு நீங்க போட்டதா வைங்க. 20 முக டைஸ்ல 7 அல்லது மேல விழுந்தா போதும், அதாவது 70%. ரெண்டும் படறதுக்கு 49%. ரெண்டும் பட்டு மொத்தம் 14-ஐத் தொடறதுக்கு 67%. பெருக்கினா 33%. கிரிட்டிக்கலைச் சேர்க்காமலே, மூணுல ஒரு வாய்ப்பு, மந்திரவாதி தன் முறை வர்றதுக்கு முன்னாடியே தரையில கிடப்பான்.

அதே நகத்தை 1டி6+3 ஆக்குங்க. 14-ஐத் தொடற வாய்ப்பு 42% ஆகுது, மொத்தம் 20%. அஞ்சுல ஒண்ணு. பயம் இருக்கு, அநியாயம் இல்ல. டைஸோட ஒரு அளவை மாத்தினதுக்கே இவ்வளவு வித்தியாசம். சராசரியை மட்டும் பார்த்திருந்தா 7-க்கும் 6-க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு விட்டிருப்போம்.

ரெண்டாவது கேள்வி, எவ்வளவு நேரம் நிக்கணும்? இந்த லெவல்ல ஒருத்தர் அடிச்சா சராசரி 8 சேதம், படற வாய்ப்பு 65%-ன்னு எடுத்துக்கிட்டா, ஒரு ஆளுக்கு 5.2. நாலு பேருக்கு ஒரு ரவுண்டுல 21. அப்ப 38 ஹிட் பாயின்ட் உள்ள உயிரினம் ரெண்டு ரவுண்டு நிக்கும். கொஞ்சமாத் தெரியுதா? மூணாவது ரவுண்டுக்கு மேல ஒரு சண்டை நீண்டா கொட்டாவிதான். 200 போடற பழக்கத்தை இங்கேயே விட்டுடுங்க.

மூணாவது, "5-6 வந்தா மறுபடி" வகைச் சக்தி. டிராகன் மூச்சு இப்படித்தான்: ஒரு தடவை கக்கினா, அடுத்தடுத்த முறையில 6 முக டைஸை உருட்டி 5 அல்லது 6 வந்தாத்தான் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மூணுல ஒரு வாய்ப்பு. முதல் முறையிலேயே கக்கிட்டு மூணு ரவுண்டு நின்னா, ரெண்டாவது தடவை கக்கற வாய்ப்பு 9-ல 5, ஏறக்குறைய 56%. ரெண்டு மூச்சு வாங்கினா உங்க கட்சி தாங்குமான்னு பார்த்துட்டுத்தான் அந்த வரியை எழுதணும். அசுணத்துக்கு இது வேண்டாம். அதுகிட்ட ஏற்கெனவே ஒரு நல்ல கேள்வி இருக்கு, ரெண்டாவது கேள்வி கேட்டா முதல் கேள்வி காதுல விழாது.

ஸ்டாட் பிளாக்

மலை அசுணம்
நடுத்தர அளவு மிருகம்
ஆர்மர் கிளாஸ் 13
ஹிட் பாயின்ட் 38 (7டி8 + 7)
வேகம் 40 அடி
வலிமை 12 (+1), சுறுசுறுப்பு 16 (+3), உடலுறுதி 12 (+1), அறிவு 3 (-4), விழிப்பு 14 (+2), வசீகரம் 10 (+0)
பெர்செப்ஷன் +4
சேலஞ்ச் 1

கூர்ந்த செவி. காதால கண்டுபிடிக்கிற எந்தச் சோதனைக்கும் ரெண்டு டைஸ் உருட்டி, பெரியதை எடுத்துக்கும்.

இசை மயக்கம். 60 அடிக்குள்ள ஒருத்தர் தன் ஆக்‌ஷனைச் செலவழிச்சுப் பாடினாலோ வாசிச்சாலோ, வசீகரச் சோதனை உருட்டணும். பயிற்சி இருந்தா அந்த போனஸும் சேரும். 12 அல்லது மேல வந்தா, அவரோட அடுத்த முறை ஆரம்பிக்கிற வரைக்கும் அசுணம் மயங்கியிருக்கும். யாரையும் தாக்காது, தன் முறையில இசையை நோக்கி வந்து 5 அடியில நிக்கும். சேதம் பட்டா மயக்கம் கலையும்.

பறை அதிர்ச்சி. மயங்கியிருக்கும்போது 60 அடிக்குள்ள ஒருத்தர் ஆக்‌ஷனைச் செலவழிச்சுப் பறையோ கேடயமோ அடிச்சுப் பெருஞ்சத்தம் எழுப்பினா, அசுணம் உடலுறுதிச் சோதனை உருட்டணும். 13-க்குக் கீழ வந்தா 22 (4டி10) சேதம். 13 அல்லது மேல வந்தா அதுல பாதி.

ஏமாந்த காது. மயக்கம் சேதத்தால கலைஞ்சா, அடுத்த 1 நிமிஷத்துக்கு எந்த இசையும் அதுகிட்ட எடுபடாது. அதை ஏமாத்தினவரோட இசை 24 மணி நேரத்துக்கு எடுபடாது.

இரட்டைக் கீறல். ஒரு முறையில ரெண்டு தடவை தாக்கும். ஒவ்வொண்ணும் +5, 5 அடிக்குள்ள ஒரு ஆள், சேதம் 6 (1டி6 + 3).

2014 விதிப்படி, 2-ஆம் லெவல் நாலு பேருக்கு ஒரு அசுணம் லேசான சண்டை. ரெண்டு சேர்ந்து வந்தா கஷ்டமான சண்டை.

ஓட்டை தேடுங்க

எழுதி முடிச்சதும் நீங்களே உங்க எதிரியா மாறி உடைச்சுப் பார்க்கணும். கோடு எழுதினா டெஸ்ட் கேஸ் எழுதற மாதிரிதான்.

முதல் டெஸ்ட்: கடைசி இயல்பான 'ஏமாந்த காது' இல்லைன்னு வைங்க. கட்சியில ஒரு பார்ட் இருக்கான், வசீகரமும் பயிற்சியும் சேர்ந்து +5. 12-ஐத் தொட அவனுக்கு 7 போதும், 70%. அவன் பாடறான், அசுணம் தன் முறையை இழக்குது. மத்த மூணு பேரும் அடிக்கிறாங்க, மயக்கம் கலையுது. திரும்ப அவன் முறை, திரும்பப் பாடறான். சண்டை முழுக்க அசுணம் பத்துல ஏழு முறை சும்மா நிக்கும். ஒரு ஆக்‌ஷன் கொடுத்து எதிரியோட மொத்த முறையையும் பறிக்கிற இந்த மாதிரி ஓட்டைதான் வீட்டுல எழுதற உயிரினங்கள்ல அடிக்கடி வர்ற வியாதி. 1 நிமிஷம்னா 10 ரவுண்டு, அதாவது மொத்தச் சண்டையும். அந்த ஒரு வரியிலேயே ஓட்டை அடைஞ்சிடுது.

ரெண்டாவது டெஸ்ட்: பறை அதிர்ச்சி ரொம்பப் பலமா? கணக்குப் போடுங்க. அசுணம் சோதனையில தோக்க 55%. 0.55 × 22 + 0.45 × 11 = 17. இதுக்கு முதல்ல இசை ஜெயிக்கணும்: 0.70 × 17 = 12. ரெண்டு பேரோட ஆக்‌ஷன் செலவு. அதே ரெண்டு பேர் சும்மா அடிச்சிருந்தா 10.4. கொஞ்சம்தான் லாபம். பார்ட் இல்லாத கட்சியில, போனஸே இல்லாத ஒருத்தன் பாடினா 45%, 0.45 × 17 = 7.7. அடிக்கிறதைவிடக் குறைச்சல். ஆக, வழி இருக்கு, ஆனா அது குறுக்கு வழி இல்ல. கண்டுபிடிச்சவனுக்கு ஒரு பரிசு, கண்டுபிடிக்காதவனுக்கும் தோல்வி இல்ல. அளவு சரி.

மூணாவது டெஸ்ட் வார்த்தைக்கு. "இனிய இசை"ன்னா எது? சக்கம்பட்டித் தெருவுல நடந்தா வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் தாளமாக் கேட்கும். ஒரு ஆட்டக்காரன் "நான் தறியை ஓட்டறேன், அது இசையா?"ன்னு கேப்பான். கேட்கணும், அதுதான் நல்ல ஆட்டக்காரன். உங்க விதியில பதில் இருக்கான்னு பாருங்க. நம்ம விதி "ஆக்‌ஷனைச் செலவழிச்சு, வசீகரச் சோதனை உருட்டு"ன்னு சொல்லுது. அப்ப தறியிலயும் உருட்டலாம், 12 வந்தா இசை, வரலைன்னா சத்தம். டிஎம் வாதாட வேண்டியதில்ல, டைஸ் சொல்லிடும்.

டெஸ்ட் பண்றதுக்கு நாலு பேர் கிடைக்கலைன்னா தனியாவே அஞ்சு தடவை உருட்டிப் பாருங்க. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. எந்த ரவுண்டுல முதல் ஆள் விழறான், எந்த ரவுண்டுல அசுணம் சாகுது, இந்த ரெண்டை மட்டும் குறிச்சா போதும்.

இடத்தையும் சேர்த்து எழுதுங்க

இயல்பு தனியா நிக்காது, அது நிக்கிற மண்ணும் சேர்ந்துதான் வேலை செய்யும். காதால வாழற மிருகத்தைக் கணவாய்க் காத்துல விட்டா என்ன ஆகும்?

ஆனி, ஆடியில நம்ம பக்கம் அடிக்கிற காத்து யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. சுத்திலும் காற்றாலைகளை நட்டு வெச்சிருக்கிறதே அதுக்குத்தான். விதியில ஒரு வரி சேருங்க: காத்து பலமா அடிக்கிற இடத்துல இசையும் பறையும் 30 அடிக்கு மேல கேக்காது. அவ்வளவுதான், சண்டையே மாறிடும். மயக்கணும்னா பாடறவன் பக்கத்துல போயாகணும். பக்கத்துல போனா நகம் எட்டும். பாறை மறைவுல காத்து அடங்கின இடம் ஒண்ணை வரைபடத்துல வெச்சுடுங்க. அங்க மட்டும் 60 அடி. இப்ப உங்க ஆட்டக்காரங்க அசுணத்தை அந்தப் பாறைக்குப் பின்னால எப்படி இழுக்கலாம்னு திட்டம் போட ஆரம்பிப்பாங்க. போன் கீழ போயிடும்.

இன்னொண்ணு நடக்கும், அதைத் தடுக்காதீங்க. பாட்டு வேலை செஞ்சு, அந்த மிருகம் அஞ்சு அடியில வந்து கண்ணை மூடி நிக்கும்போது, யாரோ ஒருத்தர் "பறையை அடிக்க வேண்டாமே"ன்னு சொல்லுவாங்க. பாடிக்கிட்டே கணவாயைத் தாண்டிடலாமான்னு கேப்பாங்க. விதிப்படி முடியும்: ஒவ்வொரு ரவுண்டும் ஒருத்தர் பாடணும், ஒவ்வொரு ரவுண்டும் உருட்டணும், ஒண்ணு தவறினாலும் நகம். கொல்றதைவிட அது ஆபத்தான வழி. ஆனா சிலர் அதைத்தான் எடுப்பாங்க. அந்தப் பழைய பாட்டோட வலி, சுகம் கொடுத்த கையே துரோகம் பண்றதுங்கிற வலி, யாரும் விளக்காமலே மேஜைக்கு வந்துடும். அந்த வழியா போனவங்களுக்கும் கொன்னவங்களுக்குக் கொடுக்கிற அதே அனுபவப் புள்ளியைக் கொடுங்க. இல்லைன்னா கொல்றது மட்டும்தான் விளையாட்டுன்னு நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

எதை எடுக்கக் கூடாது

நம்ம ஊர்க் கதைகளை விளையாட்டுக்குள்ள கொண்டு வரணும்னு ஆசை வந்ததும், முதல்ல கை போகிற இடம் ஊர் எல்லை. அரிவாளோட நிக்கிற கருப்பசாமி, ஆத்தங்கரையில ஏழு கன்னிமார். உருவம் அபாரம், கதை அபாரம். ஆனா அசுணத்துக்கும் அவங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அசுணத்துக்கு யாரும் பொங்கல் வைக்கிறதில்ல. கருப்பசாமிக்கு உங்க மேஜையில உட்கார்ந்திருக்கிறவனோட அப்பத்தா போன மாசம் நேர்ந்துக்கிட்டிருப்பாங்க. அவருக்கு 150 ஹிட் பாயின்ட் எழுதி, "நான் அடிச்சுட்டேன், செத்துட்டாரு"ன்னு ஒருத்தன் கத்தும்போது, பக்கத்துல ஒருத்தன் சிரிக்காம உட்கார்ந்திருப்பான். எல்லைச் சாமி வரணும்னா உதவி பண்றவரா, சத்தியம் கேட்கிறவரா, எண் இல்லாம வரட்டும். எண் கொடுத்தாலே கொல்லலாம்னு அர்த்தம்.

மனுஷங்க விஷயத்துல இன்னும் கவனம் வேணும். மலைன்னு எழுதினதும் "மலைவாசிக் கூட்டம் தாக்குது"ன்னு ஒரு வரி தானா வரும். வருசநாட்டு மலையிலயும் மேகமலைப் பக்கத்துலயும் பளியர்கள் இன்னைக்கும் வாழறாங்க. அவங்க பிள்ளைகளும் காலேஜுக்கு வர்றாங்க. ஒரு சமூகத்தைச் சுட்டி "இவங்களுக்குப் பிறவியிலேயே இந்தக் குணம்"னு இயல்பு எழுதறது விளையாட்டுல மட்டும் நிக்காது. நம்ம நாட்டுல அந்த வாக்கியத்துக்கு நீளமான, கசப்பான வரலாறு இருக்கு. இந்த விளையாட்டை வெளியிடற கம்பெனியே 2024 விதிப் புத்தகத்துல 'ரேஸ்'ங்கிற சொல்லை எடுத்துட்டு 'ஸ்பீசிஸ்'னு மாத்தியிருக்கு. எதிரி வேணும்னா பேராசை பிடிச்ச ஒரு ஆளை எழுதுங்க, ஒரு ஊரையே எழுதாதீங்க.

எங்க ஆரம்பிக்கறது?

அடிப்படை விதிகள் அடங்கின எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியில இருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கு. இலவசமா இறக்கிப் படிக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டா உங்க உயிரினத்தை அதை வெச்சு எழுதி வெளியிடவும் செய்யலாம், விற்கவும் செய்யலாம். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் மாதிரிச் சிலதோட ஸ்டாட் பிளாக் அதுல கிடையாது; அதைத் தொடாதீங்க. நமக்கு அது தேவையும் இல்ல.

முதல் தடவைன்னா பூஜ்ஜியத்துல இருந்து எழுதாம, இருக்கிறதை எடுத்து உடை மாத்துங்க. எஸ்ஆர்டி-யில ஆட்டுக்கு ஒரு இயல்பு உண்டு: கீழ விழ வைக்கிற விளைவுகளை எதிர்த்து உருட்டற சேவிங் த்ரோவுல அதுக்கு அனுகூலம். அதை அப்படியே மேகமலை வரையாட்டுக்கு வெச்சு, ஒரு செங்குத்துப் பாறையில நிறுத்துங்க. நீங்க எண் எதையும் மாத்தல. ஆனா பாறை விளிம்புல நிக்கிற ஆட்டக்காரனுக்கு, தள்ளினா விழாத எதிரி எப்பேர்ப்பட்ட தலைவலின்னு உடனே புரியும்.

அடுத்து கவரிமாவை எடுங்க. மயிர் போனா வாழாதுன்னா, அதை எதிர்த்து வர்றவனோட ஆயுதம் வாளா, கத்திரிக்கோலா? அறிகுறி ஒரு வரி, விளைவு ஒரு வரி, வழி ஒரு வரி. முதல்ல அந்த மூணு வரியை எழுதி முடிங்க. ஹிட் பாயின்ட் கடைசியில போட்டுக்கலாம்.